மூன்று வாரமாகச் சாகாத கிழவன்

ஒரு கிழவனைக் கொல்ல எத்தனை நாள் வேண்டும்? எங்கள் ரோமில் கேட்டால், "கிழவனுக்கு மருமகள் இருக்கிறாளா?" என்று திருப்பிக் கேட்பார்கள். நான் சொல்லும் கிழவன் மூன்று வாரமாகியும் சாகவில்லை. கடைசி மூச்சில் அவன் சொல்ல வேண்டிய ஒரே ஒரு சொல், இத்தாலிய மொழியில் கிடைக்கவில்லை.

பயப்பட வேண்டாம், அவன் நிஜக் கிழவன் இல்லை. லண்டனிலிருந்து வந்த மர்மப் படம் ஒன்றில் முதல் காட்சியிலேயே சாகிறவன். அவனுக்கு இத்தாலியில் வாய் கொடுக்கும் பொறுப்பு எர்சீலியா காம்பரின் என்ற அம்மாளுக்கு. அந்த அம்மாள் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு எங்கள் அலுவலகத்துக்கு வந்து, நாற்காலியில் பாதியளவு உட்கார்ந்தார்.

எங்கள் அலுவலகம் என்றால் துப்பறிவாளர் பலந்தியின் அலுவலகம். சலவைக் கடைக்கு மேல் மாடி. நான் ஃபோஸ்கா, பதினொரு வருடமாக அவருடைய உதவியாளர். தட்டச்சு, காபி, ஆள் தேடல், அவர் தொலைக்கும் மூக்குக்கண்ணாடியைத் தேடல் எல்லாம் நான். பத்திரிகையில் படம் வருவது மட்டும் அவர்.

"என்ன வேலை பண்றீங்க மேடம்?" என்றார் பலந்தி.

"வெளிநாட்டுப் படங்களுக்கு நம்ம பாஷையில வசனம் எழுதறேன். இருபத்தேழு வருஷமா."

"ஓ, அந்த ஊர்க்காரனுங்க எல்லாம் ரோம் பால்காரன் மாதிரி திட்டிக்கறது உங்க கைங்கரியமா?" என்றேன் நான்.

"திட்டு நல்லா இருந்தா நான் எழுதினது. நல்லா இல்லன்னா கம்பெனிக்காரங்க மாத்தினது."

எனக்கு அந்த அம்மாளைப் பிடித்துவிட்டது. இது தொழிலுக்கு ஆகாத குணம் என்று பலந்தி பலமுறை சொல்லியிருக்கிறார்.

அவர் கைப்பையிலிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்து மேஜையில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை வம்புப் பத்தி. 'ரகசியம் ரகசியம் என்று பூட்டி வைத்த லண்டன் படத்தின் குட்டு உடைந்தது. பதினேழாவது வளையத்தில் கிழவர் கண்ணை மூடுமுன் சொல்வது "மோல்லா". இனி டிக்கெட் எடுப்பவர் எடுக்கலாம். வசனகர்த்தா அம்மையாருக்கு நம் நன்றி.'

"மோல்லான்னா கடிகாரத்துல இருக்கற கம்பிச்சுருள். இதுல என்ன குடி முழுகிப்போச்சு?" என்று கேட்டேன்.

எர்சீலியா பெருமூச்சு விட்டார். "இங்கிலீஷ்ல அவர் 'ஸ்பிரிங்'னு சொல்லிட்டுச் செத்துப்போறாரு. அதுக்கு வசந்தகாலம்னும் அர்த்தம், ஊத்துன்னும் அர்த்தம், கம்பிச்சுருள்னும் அர்த்தம். படத்துல அவர் ஒளிச்சு வச்சதைத் தேடி, ஒருத்தன் வசந்தம்னு நினைச்சுத் தோட்டத்தைத் தோண்டறான். இன்னொருத்தி மலை மேல ஊத்தைத் தேடிப் போறா. கடைசி நிமிஷத்துலதான் கடிகாரத்தோட வயித்தைத் திறக்கறாங்க. மொத்தப் படமும் அந்த ஒரு வார்த்தைலதான் நிக்குது."

"நம்ம பாஷையில மூணுக்கும் மூணு வார்த்தை" என்றேன்.

"அதான் என் தலையெழுத்து."

விஷயம் புரிந்தது. பத்திரிகைக்கு வார்த்தையை விற்றது எர்சீலியாதான் என்று படக் கம்பெனியின் ரோம் பிரதிநிதி மரங்கோன் முடிவு கட்டிவிட்டார். இன்று மூன்று மணிக்கு அந்தக் காட்சிக்குக் குரல் பதிவு. நான்கு மணிக்கு லண்டனிலிருந்து தொலைபேசி. அதற்குள் வேறு ஆள் அகப்படாவிட்டால் எர்சீலியாவின் பெயரை அடித்துவிடுவார்கள்.

"ஒரு கம்பெனி அடிச்சா என்ன மேடம், இந்தப் பேட்டையில தடுக்கி விழுந்தா ஸ்டூடியோதானே?" என்றேன்.

"எல்லாரும் ஒரே காபிக் கடையிலதான் காபி குடிக்கறாங்க. காலைல ஒருத்தர் கதவைச் சாத்தினா மத்தியானத்துக்குள்ள அத்தனை பேரும் சாத்திடுவாங்க. எனக்கு வேற தொழில் தெரியாதும்மா."

பலந்தி கேட்டார்: "நீங்க எந்த வார்த்தையை வச்சிருக்கீங்க?"

"ஒரு கவர்ல போட்டு ஒட்டி, டைரக்டர் ருஜேரோகிட்ட குடுத்திருக்கேன். பதிவு அன்னைக்குத்தான் பிரிக்கணும்னு ஏற்பாடு."

"உள்ள இருக்கறது மோல்லா இல்லன்னா இப்பவே பிரிச்சுக் காட்டுங்க. கதை முடிஞ்சுது."

"மாட்டேன்" என்றார் எர்சீலியா. "மூணு மணிக்கு முன்னாடி மாட்டேன்."

நான் பலந்தியைப் பார்த்தேன். பலந்தி கூரையைப் பார்த்தார். அந்த அம்மாளைப் பிடித்துப்போனதற்காக நான் என்னையே நொந்துகொண்டேன். மடியில் கனமில்லாதவள் கவரைப் பிரிக்க ஏன் பயப்பட வேண்டும்?

ஸ்டூடியோ இரண்டு தெரு தள்ளி. வாசலிலேயே டைரக்டர் ருஜேரோ என்னை வழிமறித்தார். உயரமான மனிதர், உருவத்துக்குப் பொருந்தாத பயந்த கண்கள்.

"அந்தத் துணியைக் கழட்டும்மா."

"எந்தத் துணியை சார்?"

"கழுத்துல இருக்கறதை. ஊதா. என் ஸ்டூடியோவுக்குள்ள ஊதா வரக்கூடாது. போன தடவை ஒருத்தி ஊதாக் கையுறையோட வந்தா, ஹீரோவுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு."

"ஹீரோ அன்னைக்கு ஐஸ்கிரீம் சாப்பிட்டிருப்பாரு."

"அதுவும்தான். ஆனா ஐஸ்கிரீமை ஏன் சாப்பிட்டாரு? யோசி."

யோசிக்க வேண்டிய விஷயம்தான். கழுத்துத்துண்டை வாசல் பெண்ணிடம் ஒப்படைத்தேன். அவள் அதை இரண்டு விரலால் தூக்கிக் குடை வைக்கும் வாளியில் போட்டாள்.

உள்ளே இருட்டான கூடம். ஒரு ஒலிவாங்கி, வசனத் தாள் வைக்கும் சாய்பலகை, எதிரே திரை. திரை முழுக்கக் கறுப்பு, நடுவில் ஒரு வட்டம், அதற்குள் ஒரு கிழட்டு வாய். படம் திருடு போகாமலிருக்க லண்டன்காரர்கள் இப்படித்தான் அனுப்பியிருந்தார்கள். பேசுகிறவனின் வாய் மட்டும்தான் தெரியும். கிழவனுக்குக் குரல் கொடுக்கும் கொர்ராதோ அந்த வாயையே பார்த்துக்கொண்டு பேரிக்காய் தின்றுகொண்டிருந்தார்.

"மூணு வாரமா இந்த வாயோட குடித்தனம் பண்றேன். என் பொண்டாட்டி வாயைக்கூட இவ்வளவு கவனமாப் பார்த்ததில்ல" என்றார்.

எர்சீலியா திரை அருகே போய்க் காட்டினார். "பாருங்க. 'ஸ்'க்குப் பல்லு தெரியுது. அடுத்து உதடு ஒரே ஒரு தடவை மூடித் திறக்குது. அப்புறம் ஆளு காலி. நம்ம வார்த்தையும் அதே இடத்துல உதட்டை மூடணும். வசந்தத்துக்கு 'பிரிமவேரா'ன்னா, சொல்லி முடிக்கறதுக்குள்ள அவரைப் புதைச்சிடுவாங்க. ஊத்துக்கு 'சொர்ஜென்தே'ன்னா உதடே மூடாது. மோல்லாவுக்கு எடுத்த எடுப்பிலேயே மூடிடும். நான் மோல்லா எழுதுவேனா? எழுதினா என் கையை நானே வெட்டிக்குவேன்."

"அப்போ என்னதான் எழுதினீங்க?" என்றேன்.

எர்சீலியா மறுபடி திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த அம்மாளின் விரல் நுனியெல்லாம் பென்சில் கரி. பலந்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படத்தை ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடத் துண்டுகளாக வெட்டித்தான் குரல் பதிவார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் வளையம் என்று பெயர். வளையப் பட்டியல் சுவரில் ஒட்டியிருந்தது, ருஜேரோவின் கையெழுத்தில். எனக்கு எதையும் படிக்கிற வியாதி உண்டு என்பதால் படித்தேன். பதினைந்து, பக்கத்து வீட்டுக்காரி. பதினாறு, கொர்ராதோ. பதினாறு-அ, கொர்ராதோ. பதினெட்டு, நர்ஸ். நர்ஸ் ஏன் கிழவன் செத்த பிறகு வருகிறாள் என்று நினைத்தேன். எங்கள் ஆஸ்பத்திரிகளைப் பார்த்து எடுத்திருப்பார்கள் போலும்.

"இந்தப் பட்டியல் யார்கிட்ட எல்லாம் இருக்கு?" என்று பலந்தி கேட்டார்.

"இங்க வேலை செய்யற எல்லார்கிட்டயும்" என்றார் ருஜேரோ. "லண்டன்லேருந்து வர்ற தாளை மரங்கோன் முதல் நாளே கொண்டுவந்து நீட்டுவாரு. நான் தொடக்கூட மாட்டேன். காட்சியை மட்டும் அவரை வாயால சொல்லச் சொல்லி, நான் என் முறைப்படி நம்பர் போட்டு எழுதிக்குவேன். எர்சீலியாவுக்கும் நான் எழுதினதுதான் போகும்."

"ஏன் சார் தொட மாட்டீங்க?"

ருஜேரோ சட்டைப் பையில் கைவிட்டுச் சாவிக்கொத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். இரும்பைத் தொட்டால் பீடை விலகும். "அதை விடுங்க" என்றார்.

பலந்தி விட்டார். அவர் எதையாவது அவ்வளவு சுலபமாக விட்டால், அது ஏற்கெனவே அவர் கைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

மரங்கோனைக் கீழே காபிக் கடையில் பிடித்தோம். மிலானோக்காரர். வடக்கத்திக்காரர்கள் மூடநம்பிக்கையைக்கூட அலுவலக நேரத்தில் மட்டும்தான் வைத்துக்கொள்வார்கள். இவர் அந்த நேரத்திலும் வைத்துக்கொள்ளாதவர். மடிப்புக் கலையாத சட்டை, மடிப்புக் கலையாத முகம்.

"துப்பறிவாளரா?" என்று சிரித்தார். "ஒரு வார்த்தையைக் கண்டுபிடிக்கவா?"

"வார்த்தையை இல்ல சார், வாயை" என்றேன்.

"வாய் யாருதுன்னு குழந்தைக்குக்கூடத் தெரியும். பேப்பரைப் பாருங்க. வளையத்தோட நம்பர் வரைக்கும் போட்டிருக்கான். உள்ள இருக்கற ஆள் சொல்லாம வெளியாளுக்கு எப்படித் தெரியும்?"

"நம்பர் சரியா?" என்றார் பலந்தி அப்பாவியாக. "இந்தப் பேப்பர்காரங்க ஏதாவது ஒண்ணை அடிச்சு விடுவாங்களே."

"நூத்துக்கு நூறு சரி. நானே ஒத்துப் பார்த்தேன்." மரங்கோன் தோல்பையைத் திறந்து லண்டன் பட்டியலை எடுத்தார். அழகாக அச்சடித்தது. விரல் நேராகப் போய் நின்றது. "இதோ, பதினேழு. கிழவனோட சாவு."

"ரொம்ப நன்றி சார். இதைக் கொஞ்சம் மேல கொண்டு வர்றீங்களா? மூணு மணிக்கு எல்லாரும் இருப்பாங்க."

"தாராளமா. அந்தம்மா மூஞ்சியை நான் பார்க்கணும்."

படியேறும்போது பலந்தி விசிலடித்தார். எனக்கு அவர் விசிலைவிட அவர் மௌனம் பிடிக்கும். "பாஸ், அந்தம்மாவை எனக்கும் சந்தேகமாத்தான் இருக்கு. கவரை ஏன் பிரிக்க மாட்டேங்கறாங்க?"

"நீ பரீட்சையில வெறும் தாளைக் குடுத்திருக்கியா ஃபோஸ்கா?"

"கணக்குல ரெண்டு தடவை."

"அன்னைக்கு வீட்டுல என்ன சொன்னே?"

"தொலைஞ்சுபோச்சுன்னு."

அவர் மறுபடி விசிலடித்துக்கொண்டே படியேறினார். எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மூன்று மணி. கொர்ராதோ பேரிக்காயை முடித்துத் தொண்டையைச் செருமிக்கொண்டார். ருஜேரோவின் கையில் ஒட்டிய கவர். எர்சீலியா சுவரோரம் நின்று தாளில் எதையோ எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தார். மரங்கோன் நாடகம் பார்க்க வந்தவர்போல் முன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ருஜேரோ சார்," என்றார் பலந்தி, "பதினேழாவது வளையத்தைப் போடச் சொல்லுங்க."

கூடத்தில் நாற்காலிகள் கிறீச்சிட்டன. எங்கள் நாட்டில் பதினேழு என்றால் சாவைக் கூப்பிடும் எண். ருஜேரோவின் இரண்டு கைகளும் சாவிக்குப் பறந்தன. கொர்ராதோ சாய்பலகையின் இரும்புக் காலைப் பிடித்தார். ஒலிப்பதிவுக்காரர் எதைப் பிடித்தார் என்பதை எழுத முடியாது.

"அந்த நம்பரை இங்க சொல்லாதீங்க," என்றார் ருஜேரோ. "உங்களுக்குப் புண்ணியமாப் போகும். என் ஸ்டூடியோவுல அது கிடையாது. இருபது வருஷமா கிடையாது. பதினாறு, பதினாறு-அ, பதினெட்டு. அவ்வளவுதான்."

"அப்போ இந்த வீட்டுக்குள்ள யாருக்கும், எந்தத் தாள்லயும், பதினேழுன்னு ஒண்ணு இல்ல?"

"மறுபடியும் சொல்றாரு பாருங்க. இல்ல, இல்ல, இல்ல."

பலந்தி மெதுவாகத் திரும்பினார். "எர்சீலியா மேடம் சொல்லியிருந்தா பேப்பர்ல பதினாறு-அன்னு வந்திருக்கும். கொர்ராதோ சொல்லியிருந்தாலும் அதேதான். அதுவும் கிழவன் சாகற காட்சிக்கு அந்த நம்பரா? இவங்க நாக்கை அறுத்தாலும் சொல்ல மாட்டாங்க. ரோம் முழுக்க அந்த நம்பர் இருக்கற ஒரே தாள், மரங்கோன் சார் மடியில இருக்கு."

மரங்கோன் தன் மடியைப் பார்த்தார். அடுத்தவரின் குழந்தையை யாரோ தூக்கிக் கொடுத்துவிட்டுப் போனதுபோல் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நம்பர்ல என்ன இருக்கு?" என்றார். "இதெல்லாம் பட்டிக்காட்டுத்தனம்."

"அதான் சார் உங்க தப்பு. நீங்க ஒருத்தர்தான் இங்க பகுத்தறிவோட இருந்திருக்கீங்க" என்றேன்.

ஒலிப்பதிவுக்காரர் சிரித்துவிட்டார். மடிப்புக் கலையாத முகம் அப்போதுதான் கலைந்தது. இங்கிலாந்தில் படம் ஒரு வாரம்கூட ஓடவில்லையாம். வம்பு கிளம்பினால் இங்கே நாலு பேர் வந்து பார்ப்பார்களே என்ற நல்லெண்ணமாம். முடிவு அவருக்குத் தெரியும். அகராதியைப் புரட்டி மோல்லாவை எடுத்துப் பத்திரிகைக்குக் கொடுத்தார். லண்டன் கோபித்ததும் பழி போட ஓர் ஆள் தேவைப்பட்டது. திரையில் முகம் தெரியாத ஆளாகப் பார்த்துப் போட்டார்.

"அப்படியே இருக்கட்டும்," என்று திடீரென எழுந்தார். "ஆனா அந்தக் கவர்ல என்ன இருக்கு? அதுலயும் மோல்லாதான் இருக்கும். பிரிங்க. அதுல நான் ஜெயிப்பேன்."

"வேண்டாம்" என்றார் எர்சீலியா.

ஆனால் மணி மூன்று அடித்தாகிவிட்டது. ருஜேரோ கவரைப் பிரித்தார். தாளை விரித்தார். திருப்பினார். மறுபடி திருப்பினார்.

வெறும் தாள்.

எனக்குக் கணக்குப் பரீட்சை ஞாபகம் வந்து முகம் சுட்டது. இந்த அம்மாள் திருடி என்ற பெயரைக்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். வார்த்தை கிடைக்கவில்லை என்று ஒத்துக்கொள்ள மட்டும் மனசு வரவில்லை. அவரைச் சந்தேகப்பட்டதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது.

மரங்கோனுக்கு உயிர் வந்தது. "மூணு வாரம். வெத்துத் தாள். இருபத்தேழு வருஷ அனுபவம்." சாவகாசமாகக் கைதட்டினார். "லண்டனுக்கு இதைச் சொல்றேன். திருடி இல்ல, தெரியாதவன்னு."

எர்சீலியா கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன். அந்த அம்மாள் அழவில்லை. நேராக அவர் முன்னால் போய் நின்றார்.

"மூணு வாரமா நீ என்னைத் தூங்க விட்டியா? ஸ்டூடியோவுக்கு வந்தா நீ, காபி குடிக்கப் போனா நீ, பேப்பரைப் பிரிச்சா நீ. எந்தப் பொந்துல எட்டிப் பார்த்தாலும் உன் தலைதான் முளைக்குது..."

அங்கேயே நின்றுவிட்டார். வாய் திறந்தபடி இருந்தது. 'முளைக்குது' என்பதற்கு நாங்கள் 'ஸ்பூன்தா' என்போம். தினம் பத்து தடவை சொல்கிற சாதாரணச் சொல்.

"ஸ்பூன்தா" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார், விரலை உதட்டில் வைத்துக்கொண்டு. ஸ். அப்புறம் உதடு மூடியது. ஒரே ஒரு தடவை.

"கொர்ராதோ, போ. மைக்குக்குப் போ."

"என்னம்மா சொல்லணும்?"

"ஸ்பூன்தா. மூச்சு வாங்கறதுக்கு நடுவுல."

விளக்கு அணைந்தது. கறுப்புத் திரையில் கிழட்டு வாய் திறந்தது. கொர்ராதோ மூச்சை இழுத்து, அந்தச் சொல்லைச் சொல்லி, செத்தார். வாயும் குரலும் ஒன்றாக மூடின. மொட்டு தலைநீட்டினாலும் எங்களுக்கு அந்தச் சொல்தான். பாறை இடுக்கில் தண்ணீர் எட்டிப் பார்த்தாலும், கடிகார வயிற்றைக் கிழித்துக்கொண்டு கம்பி வெளியே வந்தாலும் அதேதான்.

"இப்போ அவர் எதைச் சொல்றாரு?" என்று ஒலிப்பதிவுக்காரர் கேட்டார். "செடியையா?"

"எனக்கு ஏதோ தண்ணி மாதிரி பட்டுது" என்றார் ருஜேரோ.

எர்சீலியா அப்போதுதான் நாற்காலியில் முழுதாக உட்கார்ந்து அழுதார். நானும் கொஞ்சம் அழுதேன். பலந்தி தன் மூக்குக்கண்ணாடியைத் தேடுவதுபோல் பாவனை செய்தார்.

சரியாக நான்கு மணிக்கு லண்டன் அழைத்தது. எர்சீலியாவே அவர்கள் மொழியில் எல்லாவற்றையும் சொன்னார், கூட்டாமல் குறைக்காமல். பிறகு தொலைபேசியை வைத்துவிட்டு, "பேப்பருக்கும் நீங்களே போன் பண்ணணுமாம். இப்பவே. நாங்க கேட்க" என்றார் மரங்கோனிடம்.

மரங்கோன் எண்ணைச் சுழற்றினார். தொண்டையைச் செருமினார். "வணக்கம். ஞாயிற்றுக்கிழமை செய்தி விஷயமா... ஒரு சின்னத் தவறு நடந்துபோச்சு..."

"நடந்துபோச்சா?" என்றார் எர்சீலியா. "யாரு நடத்தினது? வாக்கியத்துல ஆளையே காணோம். ஆளை வைங்க."

"எங்க தரப்புலேருந்து தகவல் கசிஞ்சு..."

"தகவல் என்ன குழாய்த் தண்ணியா, தானா கசிய? அடிச்சுட்டு வேற எழுதுங்க."

"நிர்வாகத்துக்கு நெருக்கமான ஒருத்தர்..."

"அடிங்க."

மரங்கோன் சுற்றுமுற்றும் பார்த்தார். ஒருவரும் உதவிக்கு வரவில்லை. "நான் சொன்னேன்" என்றார்.

"அதுக்கு ஒரே அர்த்தம்தான் இருக்கு. அதையே வச்சுக்கலாம்" என்றார் எர்சீலியா.

அந்தப் பக்கம் பத்திரிகைக்காரர் பெயரைக் கேட்டிருக்க வேண்டும், எழுத்துப் பிசகாமல் அச்சிட. எங்கள் நாட்டில் தொலைபேசியில் எழுத்துக் கூட்ட எழுத்துக்கு ஓர் ஊர் சொல்வது வழக்கம். மரங்கோன் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். "மிலானோ. அங்கோனா. ரோமா. அங்கோனா. நாப்போலி. ஜெனோவா. ஒத்ரான்தோ. நாப்போலி."

"போன்ல சரியா விழுந்திருக்காது," என்றார் எர்சீலியா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இன்னொரு தடவை சொல்லுங்க."

மரங்கோன் மறுபடியும் மிலானோவிலிருந்து கிளம்பினார்.